பெருங்கண் சூரையின் காதுக்கல்: பசிபிக்கில் ஒரு மீன் கணக்கு தலைகீழான கதை

2014 ஆகஸ்ட். மார்ஷல் தீவுகளின் தலைநகர் மஜூரோவில் மேற்கு மத்திய பசிபிக் மீன்வள ஆணையத்தின் அறிவியல் குழு கூடியிருந்தது. அங்கே வந்த அறிக்கைகளில் ஓர் எண் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது: 16 சதவீதம். மனிதர்கள் மீன்பிடிக்காமலே இருந்திருந்தால் அந்தக் கடலில் சினைப்பருவம் எய்திய பெருங்கண் சூரை எவ்வளவு இருந்திருக்குமோ, அதில் 16 சதவீதம்தான் மிச்சம் என்று அறிக்கை சொன்னது. ஆணையம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட எல்லைக்கோடு 20 சதவீதம். மீன் அதற்குக் கீழே போய்விட்டது.

2017 ஆகஸ்ட். குக் தீவுகளின் ரரொடோங்காவில் அதே குழு கூடியது. மீனும் அதேதான், மதிப்பீடு செய்த அமைப்பும் அதேதான். இந்த முறை நடு மதிப்பு 32 சதவீதம். எல்லைக்கோட்டுக்கு வெகுவாக மேலே.

இந்த மூன்று ஆண்டில் கப்பல்கள் ஒன்றும் கரையில் கட்டிக் கிடக்கவில்லை. கடலில் இருந்த பெருங்கண் சூரை திடீரென்று இரண்டு மடங்கு பெருகவும் இல்லை. பிறகு என்ன நடந்தது? விடையின் பெரும்பகுதி, விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு கல்லுக்குள் இருந்தது. அந்தக் கல்லைப் பற்றியும், அது சொன்னதை யார் எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பற்றியும்தான் இந்த ஆய்வு.

ஒரே மீனுக்கு இரண்டு பிடி

உலகில் பிடிபடும் சூரையில் பாதிக்கும் மேல் இந்த ஒரு வட்டாரத்திலிருந்து வருகிறது. ஆண்டுக்கு 25 முதல் 30 லட்சம் டன். அதில் பெரும்பங்கு வரிச்சூரை. நம் சமையலறையில் மாசியாக இடிபட்டுச் சம்பலில் விழுகிற அதே இனம்தான் அங்கே டின்னில் அடைபடுகிறது. அடுத்தது மஞ்சள் துடுப்புச் சூரை. எடைக் கணக்கில் பெருங்கண் சூரை இவற்றுக்குப் பின்னால்தான் நிற்கும். ஆனால் வளர்ந்த பெருங்கண்ணின் கொழுத்த சதையை ஜப்பானியர்கள் பச்சையாக உண்பார்கள், அதனால் விலையில் அது முன்னால் நிற்கிறது.

சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பெருங்கண் சூரை வாழ்நாளில் இரண்டு முறை மனிதன் கையில் மாட்டுகிறது. குஞ்சாக இருக்கும்போது வரிச்சூரைக் கூட்டத்தோடு சேர்ந்து, மிதக்கும் எதன் அடியிலாவது நிழலுக்கு ஒதுங்கும். முன்பு அது அடித்துவந்த மரக்கட்டையாக இருந்தது. இப்போது கப்பல்களே மூங்கில் தெப்பம் கட்டி, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவியும் பொருத்தி, மிதவைகளை ஆயிரக்கணக்கில் விடுகின்றன. சுருக்குமடிக் கப்பல் விடியுமுன் வந்து மிதவையைச் சுற்றி வலையை இறுக்கினால் வரிச்சூரையோடு பெருங்கண் குஞ்சும் அள்ளப்படும். தப்பிப் பிழைத்து வளர்ந்த மீனுக்கு ஆழத்தில் நெடுந்தூண்டில் காத்திருக்கும்: ஒரே கயிறு, பல பத்து கிலோமீட்டர் நீளம், ஆயிரக்கணக்கில் கொக்கி.

சுருக்குமடியின் பெரும்பகுதி தீவு நாடுகளின் சொந்தக் கடலில் நடக்கிறது. நெடுந்தூண்டில் பெரும்பாலும் ஜப்பான், கொரியா, தைவான், சீனா ஆகிய தூர தேசங்களின் தொழில், அதிலும் நிறைய நடுக்கடலில். ஆகவே "பெருங்கண் குறைந்துவிட்டது" என்று ஒரு விஞ்ஞானி சொன்னால், அடுத்த நொடியே எழும் கேள்வி "யார் குறைத்துக்கொள்வது?" என்பதுதான். தூர தேசங்கள் மிதவையைக் கைகாட்டும். தீவுகள் கொக்கியைக் கைகாட்டும். இரண்டு பக்கமும் பொய்யில்லை என்பதால்தான் பேச்சு முடிவதே இல்லை.

தீவுகளுக்கு இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர்கள் பிடிவாதம் புரியும். கிரிபாஸ் நாட்டின் நிலம் மொத்தம் 811 சதுர கிலோமீட்டர். அதன் கடல் ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரியது. அரசு வருமானத்தில் பாதிக்கும் மேல் அந்நியக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம். 1982இல் நவ்ரு ஒப்பந்தத்தில் தொடங்கி இன்று எட்டு நாடுகள் ஒரே அணியாக இருக்கின்றன: கிரிபாஸ், மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியக் கூட்டாட்சி, நவ்ரு, பலாவ், பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், துவாலு. 2007 டிசம்பரில் இவர்கள் ஒரு வேலை செய்தார்கள். கப்பல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதை விட்டுவிட்டு, கப்பலுக்குக் கடல்நாளை, அதாவது தங்கள் கடலில் மீன்பிடிக்கும் நாளை, விற்க ஆரம்பித்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 45,000 நாள். ஒரு நாளின் அடிவிலை 2012இல் 5,000 டாலர், 2015இல் 8,000 டாலர். 2010இல் 6 கோடி டாலர் அளவில் இருந்த வருமானம் பத்தாண்டுக்குள் 50 கோடியை நெருங்கியது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் அந்தத் தேர்வுதான். மீனை எண்ணுவதற்கு விஞ்ஞானியும் கணினியும் வேண்டும், எண்ணி முடித்த பிறகும் சண்டை வரும். கப்பல் எத்தனை நாள் உள்ளே இருந்தது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லிவிடும். எண்ண முடிந்ததை விலைக்கு வைத்தார்கள். ஆனால் அந்த நாட்களுக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால் உள்ளே மீன் இருக்க வேண்டுமே. அதற்கு மீனையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

கரண்டியில் ஐந்து மீன்

2010 முதல் வெப்பமண்டலப் பகுதியில் ஓடும் ஒவ்வொரு சுருக்குமடிக் கப்பலிலும் ஒரு பார்வையாளர் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் தீவு இளைஞர்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், மொழி தெரியாத மாலுமிகள் நடுவே ஒற்றை ஆளாக இருந்து, எங்கே வலை விட்டார்கள், மிதவையில் விட்டார்களா திறந்த கூட்டத்தில் விட்டார்களா, என்ன பிடிபட்டது, எதைத் தூக்கி எறிந்தார்கள் என்று எழுத வேண்டும். கப்பல்காரர் மறைக்க விரும்புவதை எழுதுவது வேலை, சோறு போடுவதும் அதே கப்பல்காரர். கடலில் பார்வையாளர்கள் இறந்ததும் உண்டு, காணாமல் போனதும் உண்டு. அவர்கள் பாதுகாப்புக்கென்று ஆணையம் தனி விதி கொண்டுவந்தது 2016இல்தான்.

அவர்கள் எழுதுவதிலும் ஒரு நுணுக்கமான கோளாறு இருந்தது. வலையிலிருந்து மீனைக் கப்பலுக்குள் இறைக்க ராட்சதக் கரண்டிபோல ஒரு வலைச்சட்டி உண்டு. ஒவ்வொரு கரண்டி வரும்போதும் பார்வையாளர் கைக்கு வந்த ஐந்து மீனை எடுத்து இனமும் நீளமும் குறிக்க வேண்டும் என்பது பழைய முறை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வழுக்கும் தளத்தில் நின்றுகொண்டு குவியலில் கைவிடும் மனிதன் தன்னை அறியாமலே கொஞ்சம் பெரிய மீனைத்தான் எடுப்பான். சந்தையில் தக்காளி பொறுக்கும் எவருக்கும் இது தெரியும். ஆயிரம் கப்பலில் ஆயிரம் முறை இப்படி நடந்தால், மொத்தக் கணக்கில் மீனின் அளவும் இனப் பங்கும் சாய்ந்துவிடும். அதனால் கரண்டியின் ஒரு பகுதியை அப்படியே ஒரு தொட்டியில் கொட்டி, விழுந்ததையெல்லாம் அளக்கும் முறையை ஒப்பிட்டுப் பார்த்து, பழைய தரவுகளைத் திருத்தினார்கள். இன்னொரு தொல்லை, பெருங்கண் குஞ்சும் மஞ்சள் துடுப்புக் குஞ்சும் அண்ணன் தம்பிபோல இருக்கும். கப்பல் குறிப்பேட்டில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே போய்விடும்.

அப்புறம் குறியிடல். ஆணையத்துக்காக இந்த மதிப்பீடுகளைச் செய்யும் அமைப்பு, நியூ கலிடோனியாவின் நௌமியாவில் இருக்கும் பசிபிக் சமூக அமைப்பு. அது 1977 முதல் சூரைகளின் முதுகில் மஞ்சள் பிளாஸ்டிக் குச்சிகளைக் குத்திக் கடலில் விடுகிறது. 2006இல் தொடங்கிய திட்டத்தில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள். குறியுள்ள மீன் எங்கே, எப்போது, எவ்வளவு வளர்ந்து பிடிபட்டது என்று கொண்டுவந்து கொடுத்தால் பரிசு உண்டு. கொடுக்காமல் விடுகிறவர்கள் எத்தனை பேர்? அதையும் கண்டுபிடிக்க வழி வைத்திருக்கிறார்கள். பார்வையாளர் கப்பலிலேயே யாருக்கும் தெரியாமல் செத்த மீன்களில் குறியைச் செருகி, குளிர் அறைக்கு அனுப்பிவிடுவார். துறைமுகத்திலும் ஆலையிலும் அவற்றில் எத்தனை திரும்பி வருகின்றன என்று பார்த்தால், மற்றவற்றில் எத்தனை வராமல் போகின்றன என்று தெரியும். மீனைக் கணக்கெடுக்கப் போய் மனிதர்களின் நேர்மையையும் கணக்கெடுத்தார்கள்.

இத்தனையும் கடைசியில் ஒரு கணினி மாதிரிக்குள் போய்ச் சேரும். டேவ் ஃபோர்னியே, ஜான் ஹாம்ப்டன், ஜான் சிபெர்ட் ஆகியோர் 1998இல் வெளியிட்ட மல்டிஃபேன்-சி.எல். என்ற முறைதான் இந்த வட்டாரத்து மதிப்பீடுகளின் முதுகெலும்பு. வயது வாரியாக மீனைப் பிரித்து, பிறப்பு, வளர்ச்சி, இறப்பு, இடமாற்றம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கணிக்கும். அதில் ஒரே ஓர் அனுமானம் பிசகினாலும் மற்றவை எல்லாம் அதற்கு ஏற்றபடி வளைந்து கொடுத்துவிடும். 2014இல் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

ஏழடி மனிதர்களைத் தேடிய கணக்கு

ஒரு ஊருக்குப் போகிறீர்கள். இந்த ஊர்க்காரர்கள் சாதாரணமாக ஏழடி வளர்வார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஆறடியைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. என்ன நினைப்பீர்கள்? வயதானவர்களையெல்லாம் ஏதோ கொள்ளைநோய் வாரிக்கொண்டு போய்விட்டது என்றுதான். உண்மை என்னவென்றால் அந்த ஊரில் யாரும் ஆறடிக்கு மேல் வளர்வதே இல்லை.

2014 மதிப்பீட்டில், முழுதாக வளர்ந்த பெருங்கண் சூரையின் சராசரி நீளம் ஏறக்குறைய 184 சென்டிமீட்டர் என்று மாதிரி எடுத்துக்கொண்டிருந்தது. பிடிபட்ட மீன்களின் நீளப் புள்ளிவிவரங்களிலிருந்து பெருமளவு ஊகித்துப் பெற்ற எண் அது. தூண்டிலில் வந்த மீன்களில் அந்த நீளத்தை நெருங்கியவை மிகக் குறைவு. ஆகவே மாதிரி முடிவு செய்தது: பெரிய மீன்கள் வளருமுன்பே பிடிக்கப்பட்டுவிட்டன. மிச்சம் 16 சதவீதம்.

மீனின் வயதை நேரடியாகக் கேட்டால் என்ன என்று ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்களும் நௌமியாக்காரர்களும் இறங்கினார்கள். எலும்புள்ள மீன்களின் தலைக்குள், மூளைக்கு அருகே, காதுக்கல் இருக்கிறது. கத்தாழை மீன் தலையைக் கடித்தவர்களுக்கு வெள்ளையாக ஒரு கல் பல்லில் பட்டிருக்கும், அதுதான். சூரையில் அது மிகச் சிறியது, எளிதில் நொறுங்கும். அந்தக் கல் வாழ்நாள் முழுக்க அடுக்கடுக்காக வளர்கிறது. மெல்லிய தகடாக அறுத்து உருப்பெருக்கியில் வைத்தால் மரத்தின் ஆண்டு வளையம்போல வரிகள் தெரியும். குஞ்சு மீனில் நாள் வளையங்களைக்கூட எண்ணலாம்.

கல்லைச் சேகரித்ததே பெரிய வேலை. பெருங்கண்ணை முழுதாக வாங்குகிறவர் தலையை உடைக்க விடமாட்டார், விலை போய்விடும். துறைமுகங்களில் இருந்த தீவு நாட்டு மாதிரி சேகரிப்பாளர்களும் கப்பலில் இருந்த பார்வையாளர்களும் பல ஆண்டுகளாக ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்துச் சேர்த்தவை அவை. மதிப்பீட்டு அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர்கள் பெயர் வராது.

வளையங்கள் சொன்னது: மேற்கு, மத்திய பசிபிக்கின் பெருங்கண் சூரை வயது ஏறியபின் சராசரியாக 152 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. ஏழடி மனிதர்கள் அங்கே எப்போதும் இருந்ததில்லை. இந்த வளர்ச்சிக் கோட்டை மாதிரிக்குள் வைத்ததும், பெரிய மீன் இல்லாததற்கு மீன்பிடியைக் குற்றம் சொல்ல வேண்டிய தேவை குறைந்துபோனது. கூடவே கடலை மண்டலங்களாகப் பிரித்த கோட்டையும் 20 பாகை வடக்கிலிருந்து 10 பாகைக்கு இறக்கினார்கள், புதிய மூன்று ஆண்டுத் தரவும் சேர்ந்தது. எல்லாமாக 72 வகையில் மாதிரியை ஓட்டிப் பார்த்தார்கள். பழைய வளர்ச்சிக் கோட்டை வைத்து ஓட்டியவையும் அதில் உண்டு. எல்லைக்கோட்டுக்குக் கீழே விழுந்தவை சிறுபான்மைதான்.

நல்ல செய்தி வந்தபின்

2014இன் கெட்ட செய்திக்குப் பிறகு டிசம்பரில் சமோவாவின் ஆப்பியாவில் ஆணையம் கூடியபோது, புதிதாக எதையும் இறுக்க நாடுகள் ஒப்புக்கொள்ளவில்லை. 2017இன் நல்ல செய்திக்குப் பிறகு டிசம்பரில் மணிலாவில் கூடியபோது, தளர்த்த அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. மிதவை மீன்பிடிக்கு ஆண்டில் நான்கு மாதம் வரை இருந்த தடை, நாடுகளின் கடலுக்குள் மூன்று மாதமானது (நடுக்கடலுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு மாதம்). நெடுந்தூண்டில் நாடுகளின் பெருங்கண் வரம்பும் ஏறியது.

அறிவியல் குழு ரரொடோங்காவில் அவசரப்படச் சொல்லவில்லை. புதிய வளர்ச்சிக் கோடு இன்னும் சோதிக்கப்பட வேண்டும், முக்கியமாகப் பெரிய மீன்களின் கற்கள் போதவில்லை என்றுதான் சொன்னது. ஆணையமும் மேலும் கற்களைப் பார்க்கக் கேட்டுக்கொண்டது. 2018இல் தென்கொரியாவின் பூசானில் அந்தத் திருத்திய கணக்கு வந்தது, 36 சதவீதம். புதிய கோடு நின்றது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: தளர்வு 2017 டிசம்பர், உறுதி 2018 ஆகஸ்ட். இந்த முறை கல் ஏமாற்றவில்லை. அது ஆணையத்தின் அதிர்ஷ்டம், சாமர்த்தியம் என்று நான் எழுதமாட்டேன்.

சந்தேகம் இருந்ததற்குக் காரணமும் வலுவானது. ஏறக்குறைய 150 பாகை மேற்கு நெடுங்கோட்டுக்கு அப்பால் பசிபிக்கின் கிழக்குப் பாதி வேறொரு ஆணையத்தின் பொறுப்பு. அங்கே பெருங்கண் சூரை கணிசமாகப் பெரிதாக வளர்கிறது என்று அவர்களுடைய ஆய்வு சொல்கிறது. மீனுக்கு நெடுங்கோடு தெரியாது. மேற்கிலும் கிழக்கிலும் உணவும் நீரும் வேறாக இருப்பதால் வளர்ச்சியும் வேறாகலாம், நடுவில் உள்ள மீன்கள் நடுத்தரமாகவும் இருக்கின்றன. ஆனால் கிழக்கில் நாள் வளையத்தை எண்ணி வயது சொன்னார்கள், மேற்கில் ஆண்டு வளையத்தை எண்ணினார்கள். வேறுபாட்டில் எவ்வளவு மீனுடையது, எவ்வளவு எண்ணியவருடையது என்று பிரிப்பது எளிதல்ல.

ஆண்டு வளையம் உண்மையிலேயே ஆண்டுக்கு ஒன்றுதானா என்று சோதிக்க, குறியிட்டு விடும் மீனுக்கு ஸ்ட்ரான்சியம் குளோரைடு ஊசி போடுவது ஒரு வழி. ஊசி போட்ட நாள் கல்லில் ஒரு கீற்றாகப் பதிந்துவிடும். மீன் திரும்பப் பிடிபட்டதும், கீற்றுக்குப் பின் எத்தனை வளையம் என்று எண்ணினால் போதும். இன்னொரு வழி கொஞ்சம் விசித்திரமானது. அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலும் கடலிலும் கதிரியக்கக் கரியின் (கார்பன்-14) அளவை உயர்த்தின. அது மெல்லக் குறைந்துவருவதைப் பவளப்பாறைகள் ஆண்டு வாரியாகப் பதிந்து வைத்திருக்கின்றன. மீன் குஞ்சாக இருந்தபோது உருவான கல்லின் நடுப்பகுதியில் எவ்வளவு கரி இருக்கிறது என்று அளந்து, பவளத்தோடு ஒப்பிட்டால் மீன் பிறந்த ஆண்டு கிடைக்கும். பெருங்கண்ணிலும் மஞ்சள் துடுப்பிலும் இதைச் செய்து பார்த்தபோது வளைய எண்ணிக்கைக்கு ஆதரவே கிடைத்தது. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுகுண்டுகளை வெடித்தது மார்ஷல் தீவுகளில். 16 சதவீதம் என்ற எண் வாசிக்கப்பட்ட மஜூரோ இருப்பதும் அதே நாட்டில்.

கண் படாத இடங்கள்

2020இல் அடுத்த மதிப்பீடு, 41 சதவீதம். 2023இல் 35. சூரைகளில் முக்கியமான நான்கு இனமும் மிகைப்பிடிக்கு ஆளாகவில்லை என்று சொல்லிக்கொள்ளக்கூடிய பெருங்கடல் வட்டாரம் இது, அந்தப் பெருமை நியாயமானதுதான். 2022 டிசம்பரில் வியட்நாமின் டா நாங்கில் வரிச்சூரைக்கு, மதிப்பீட்டு எண் வந்ததும் மீன்பிடி அளவை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சூத்திரப்படி தீர்மானிக்கும் முறையையும் ஏற்றார்கள். பெருங்கண்ணுக்கும் அப்படி ஒன்று இருந்திருந்தால் மணிலாவின் அவசரத்துக்கு இடம் இருந்திருக்காது.

ஆனால் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று திரும்பிப் பார்த்தால் ஓட்டைகள் தெரிகின்றன. 2020 ஏப்ரலில் கோவிட் காரணமாகப் பார்வையாளர் கட்டாயம் நிறுத்தப்பட்டது, திரும்ப வந்தது 2023 ஜனவரியில். ஏறக்குறைய மூன்று ஆண்டு, கரண்டியிலிருந்து மீன் எடுத்து அளக்கப் பெரும்பாலான கப்பல்களில் ஆள் இல்லை. 2023 மதிப்பீடு அந்த இடைவெளியையும் தூக்கிக்கொண்டுதான் வந்தது.

நெடுந்தூண்டில் நிலைமை இன்னும் மோசம். சுருக்குமடியில் நூற்றுக்கு நூறு பார்வையாளர் என்றால், வளர்ந்த பெருங்கண்ணைப் பிடிக்கிற நெடுந்தூண்டில் கப்பல்களுக்கு ஆணையம் கேட்டது வெறும் 5 சதவீதம். மீதியில் பிடிபட்டது என்ன என்பதற்குக் கப்பல் தலைவரின் குறிப்பேடுதான் சாட்சி. ஆளுக்குப் பதில் கேமரா வைக்கலாம் என்ற பேச்சு பல ஆண்டு ஓடி, அதற்கான இடைக்கால விதிமுறை 2024 டிசம்பரில் ஃபிஜியின் சுவாவில்தான் ஏற்கப்பட்டது.

அதற்கு ஓராண்டு முன், 2023 டிசம்பரில், ஆணையம் மீண்டும் ரரொடோங்காவில் கூடியது. 35 சதவீதம் என்ற எண் கையில் இருந்தது. மிதவைத் தடையை மூன்று மாதத்திலிருந்து ஒன்றரை மாதமாகக் குறைத்தார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை என்ற வரிசையில் பெருங்கண் சூரையின் அடுத்த கணக்கு 2026இல் வர வேண்டும்.